சிவப்பு ஒளி மாஸ்க் போட்டால் முகம் எரிகிறது, நிறுத்தணுமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். எழுதியவர் செம்பூரில் இருக்கும் 33 வயதுப் பெண். "எனக்கு எப்போதுமே சென்சிட்டிவ் ஸ்கின். இரண்டு வாரமாகச் சிவப்பு ஒளி எல்இடி மாஸ்க் (உள்ளே சின்ன விளக்குகள் பதித்த முகமூடி) போடுகிறேன், தினமும் இருபது நிமிடம். இப்போது கன்னம் சூடாகி எரிகிறது, சின்னச் சின்னப் பொரிகள் வந்திருக்கின்றன. விற்றவர்கள், உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, நிறுத்தாதீர்கள் என்கிறார்கள். அம்மா தூக்கிப் போடச் சொல்கிறார். ராத்திரியில் மங்குக்காக மருந்துக்கடையில் வாங்கிய ஒரு கிரீம் போடுகிறேன், ஒன்றரை வருடமாக. வேறு ஒன்றும் போடுவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?"

இன்றைக்கு ராத்திரி மாஸ்க் வேண்டாம். அதில் அம்மா சொல்வது சரி. ஆனால் தூக்கிப் போடவும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் மாஸ்க் இல்லை, கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்தக் கிரீம்.

நான் மும்பையில் தோல் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பதினாறு வருடத்தில் பெரும்பகுதி ஒளி சிகிச்சை அறையில்தான். வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் கொடுக்கும் அறை அது. அங்கே யாரையும் எடுத்தவுடன் முழு நேரம் நிற்க வைப்பதில்லை. சில நொடிகளில் தொடங்குவோம், மறுநாள் தோல் எப்படி இருக்கிறது என்று கேட்போம், ஒன்றுமில்லை என்றால் அடுத்த முறை 10 முதல் 20 சதவீதம் கூட்டுவோம். ஒளி என்பதும் மருந்துதான், அதற்கும் டோஸ் உண்டு. வீட்டு மாஸ்க் வாங்குகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, சிவப்பு ஒளி தோலைச் சுடுமா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

உங்கள் மாஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு. சிலவற்றில் அதோடு கண்ணுக்குத் தெரியாத 830, 850 நானோமீட்டர் அகச்சிவப்பும் இருக்கும். இது புற ஊதாக் கதிர் இல்லை. வெயிலில் நின்றால் தோல் வெந்து உரிவது புற ஊதாவால். சிவப்பு அந்த வேலையைச் செய்யாது. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன், 1903-ல் ஒளி சிகிச்சைக்காக நோபல் பரிசு வாங்கியவர், அதற்குப் பத்து வருடம் முன்பே பெரியம்மை கண்டவர்களைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைக்கலாம் என்று எழுதினார். தோலை எரிச்சலூட்டும் மற்ற கதிர்களை வடிகட்டிவிட்டால் மிஞ்சுவது சிவப்பு என்பது அவர் கணக்கு. இன்றைய சிகிச்சை வேறு வழியில் வந்தது. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் சிவப்பு ஒளி தரும் ரூபி லேசரை எலிகள் மேல் அடித்துப் பார்த்தபோது, ரோமம் சிரைத்த இடத்தில் சீக்கிரம் முளைத்தது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா இந்த ஒளியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அதிகமாக வேலை செய்கிறது என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

இனி டோஸ் கணக்கு. பெட்டியின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம், அதாவது 600 நொடி போட்டால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கும் 18 ஜூல் சக்தி போகும். நீங்கள் போட்ட இருபது நிமிடத்துக்கு 36 ஜூல். அமெரிக்காவில் ஒரு குழு சிவப்பு எல்இடி ஒளியின் பாதுகாப்பை மட்டும் பார்ப்பதற்கென்றே முன்கையில் கொடுத்து டோஸை ஏற்றிக்கொண்டே போனது. 2020-ல் முடிவு வந்தது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு 480 ஜூல் வரையும், மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்கு 320 ஜூல் வரையும் பாதுகாப்பு என்றார்கள். அதற்கு மேல் போனபோதுதான் ஒருவருக்குக் கொப்புளம், சிலருக்கு ஒரு நாளைக்கு மேல் நீடித்த சிவப்பு வந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, நம் நிறத்துத் தோல் கெட்டி, எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை நமக்கு வரம்பு குறைவு. இரண்டு, அந்தக் குறைந்த வரம்புக்குக்கூட உங்கள் 36 ஜூல் பக்கத்தில் வரவில்லை. அப்படியானால் உங்கள் கன்னம் எரிவது வெறும் ஒளி சுட்டதால் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. என் வேலையில் பாதி அந்த வேறு ஒன்றைத் தேடுவதுதான்.

எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியது சூடும் வியர்வையும். மும்பைக் காற்றில் ரப்பர் மாதிரியான சிலிக்கான் மாஸ்க்கை இருபது நிமிடம் முகத்தோடு ஒட்டி வைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் இங்கே கழுத்தில் வேர்க்குரு வருவது போல மாஸ்க்குக்குள் கன்னத்திலும் நெற்றியிலும் வரும். பொரிகள் ஒரே அளவில், குறுகுறுவென்று அரிப்போடு, மாஸ்க் அழுந்தும் ஓரங்களில் அதிகமாக இருக்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். அப்படியிருந்தால் வியர்வைதான். ஏசி அல்லது ஃபேன் காற்றில், பாதி நேரம் மட்டும் போட்டால் அடங்கிவிடும். மாஸ்க்கின் உட்புறத்தை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறீர்களா என்பதும் கேள்விதான். துடைக்கும் திரவமே சிலருக்கு ஒவ்வாது. சும்மா தண்ணீரில் நனைத்த துணி போதும்.

அழுக்கு வெளியே வருகிறது என்று மாஸ்க் விற்றவர்கள் சொன்னதை மறந்துவிடுங்கள். அப்படிப் பருக்கள் முதலில் கூடிப் பிறகு குறைவது ரெட்டினாய்டு (ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற வைட்டமின் ஏ வகை) கிரீம்களில் உண்டு, தோல் உதிரும் வேகத்தை அவை கூட்டுவதால். சிவப்பு ஒளி அந்த வேலையைச் செய்வதில்லை. எரிச்சல் வந்தால் அது எரிச்சல்தான்.

இப்போது அந்தக் கிரீமுக்கு வருகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு, மழைக்காலத்தில், தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தார். வயது உங்களை விட இரண்டு மூன்று குறைவு. மாஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இதனாலதான் அக்கா, முகம் பூரா தீயா எரியுது, கம்பெனிக்காரன்கிட்ட திருப்பிக் கொடுக்க லெட்டர் வேணும்" என்றார். புறங்கையை அவர் கன்னத்தில் வைத்தேன், பிறகு கழுத்தில் வைத்தேன். கன்னம் தெளிவாகச் சூடு. நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் கருத்து மங்கினாற்போல இருக்கும், அவ்வளவுதான். அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புவது என் பழக்கம். வெளிச்சத்தில் பார்த்தால் மூக்கோரம் நூல் மாதிரி ரத்தக் குழாய்கள். கன்னத்தில் பூனை முடி கூடியிருந்தது.

"அடுப்பு முன்னாடி நின்னாலும் எரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "சப்பாத்தி போடும்போது எரியும். ஸ்டேஷன் படியேறி வெளிய வந்தா வெயில்ல எரியும்."

மாஸ்க் வாங்குவதற்கு முன்பா, பிறகா?

"முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு."

என்ன கிரீம் போடுகிறீர்கள் என்றதும் பர்ஸிலிருந்து ஒரு டியூப் வந்தது. பேஸ்ட் டியூப் மாதிரி வால் பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டியிருந்தார். மேலே இருந்த எழுத்துகளில் பாதி தேய்ந்து போயிருந்தது. சுருளைப் பிரித்து, ஃபோன் டார்ச்சை அடித்துப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தோம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். அண்ணி சொன்னார்கள், நிறம் வரும் என்று, இரண்டு வருடமாகப் போடுகிறேன் என்றார்.

மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் மருந்து. மங்குக்கு இப்படிக் கலவைக் கிரீமை மருத்துவர்கள் எழுதித் தருவது உண்டு, ஆனால் சில வாரங்களுக்கு, அவர்கள் கண்காணிப்பில். மாதக்கணக்காக முகத்தில் போட்டால் தோல் மெலிந்துவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்தே நிற்கும். வெயில், அடுப்பு, சோப்பு, எது பட்டாலும் எரியும். போடாமல் விட்டாலோ இரண்டு மூன்று நாளில் முகம் கொதித்து எழும், பயந்து மறுபடி போடுவார்கள், அடங்கும். இப்படியே வருடங்கள் ஓடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர், முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018-ல் அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கவுன்ட்டரில் பெயர் சொன்னால் கிடைக்கிறது. அந்த டியூபோடு வரும் பெண்களில் பாதிப் பேர் "எனக்குப் பிறவியிலேயே சென்சிட்டிவ் ஸ்கின்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பிறவியில் இல்லை, அம்மா. ஆக்கப்பட்டது.

தாராவிப் பெண்ணுக்கு மருத்துவர் கிரீமை ஒரே நாளில் நிறுத்தவில்லை. வீரியம் குறைந்ததற்கு மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கிக்கொண்டே வந்தார். நடுவில் மூன்று வாரம் மிகவும் கஷ்டப்பட்டார், அழுதுகொண்டே வந்த நாளும் உண்டு. ஐந்தாவது மாதம் அதே மாஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னேன். என் எதிரிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடம் போட்டார். மறுநாள் ஃபோன் செய்து ஒன்றுமே இல்லை என்றார். மாஸ்க் மாறவில்லை, அதற்குக் கீழே இருந்த தோல்தான் மாறியிருந்தது.

அதனால் உங்கள் டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், இந்த நான்கில் ஒன்று இருந்தால் கதை புரிந்துவிட்டது. அதை நீங்களாக நாளையே நிறுத்த வேண்டாம், தோல் மருத்துவரிடம் போய் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்டீராய்டு இல்லாமல் ட்ரெட்டினாயின் அல்லது அடாபலீன் மட்டும் இருந்தால் விஷயம் கொஞ்சம் எளிது. அவை தோலின் மேல் அடுக்கை மெல்லியதாக்கும், அந்தத் தோலில் வியர்வையும் சூடும் சேர்ந்தால் எரியும். இரண்டு மூன்று வாரம் விட்டு, வெறும் மாய்ஸ்சரைசரோடு இருந்தால் தோல் தேறும்.

மாத்திரைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்றவை சாப்பிடும்போது ஒளி பட்டால் தோல் எரியும் என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தூண்டுவது பெரும்பாலும் வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர். சிவப்பு மாஸ்க்கில் அது இல்லை. டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர் மாஸ்க்கைப் பார்த்துப் பயந்துவிட்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குடை இல்லாமல் ஸ்டேஷனுக்கு நடப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தலைகீழாகிவிட்டது. எதற்கும் உங்கள் மாத்திரைப் பெயர்களை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிவப்பு ஒளியே ஆபத்தாகும் ஆட்களும் இருக்கிறார்கள், குறைவுதான். போர்ஃபிரியா என்ற நோய் உள்ளவர்களின் தோலில் ஒளியை வாங்கும் பொருள் தானாகவே சேரும். அவர்கள் இதைத் தொடவே கூடாது. தோல் புற்றின் ஆரம்ப நிலைகளுக்கு ஒரு சிகிச்சை உண்டு: ஒரு கிரீமைத் தடவிச் சில மணி நேரம் ஊற விட்டு, 630 சொச்சம் நானோமீட்டர் சிவப்பு ஒளியை அடித்து அந்தச் செல்களைக் கொல்வார்கள். நல்ல வலி இருக்கும். அந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர், கண்ணுக்காக வெர்ட்டிபோர்ஃபின் ஊசி போட்டவர், அறுவை சிகிச்சையில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் ஏற்றப்பட்டவர், இவர்கள் எல்லோரும் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சிவப்பு ஒளியை விட்டு விலகியிருக்க வேண்டும். லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இருந்தாலும், ஒளி பட்ட சில நிமிடங்களில் தடிப்பு எழும்பும் பழக்கம் இருந்தாலும் அதே பதில்தான்.

நம் வீட்டுச் சாமான்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். நலங்கு மாவில் கார்போகரிசி சேர்ப்பார்கள். அதில் சோராலன் இருக்கிறது, வெண்புள்ளிக்கு வெயிலோடு சேர்த்துக் கொடுக்கும் அதே சரக்கு. சிவப்பு ஒளியோடு அதற்குச் சம்பந்தமில்லை, ஆனால் பூசிக் குளித்துவிட்டு வெயிலில் போனால் முகம் கருத்துக் கொப்பளிக்கலாம். இன்னொன்று மஞ்சள். மஞ்சளின் குர்குமின் 420 நானோமீட்டர் பக்கத்தில், அதாவது நீல ஒளியை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஏழு வண்ண மாஸ்க்குகளில் நீலப் பட்டன் இருக்கும். மஞ்சள் பூசிய முகத்தில் அதை அழுத்தாதீர்கள்.

அந்த நீலப் பட்டனை உங்களுக்கு மஞ்சள் இல்லாமலும் வேண்டாம் என்பேன். பருவுக்கு நீலமும் சிவப்பும் சேர்ந்து உதவும் என்பதற்கு 2000-லிருந்தே நல்ல ஆய்வு இருக்கிறது. ஆனால் 415 நானோமீட்டர் நீல ஊதா மாநிறத் தோலில் கருமையை உண்டாக்கும், 630 நானோமீட்டர் சிவப்பு அப்படிச் செய்யவில்லை என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம். மங்கு உள்ளவர் நீலத்தை முகத்தில் போடுவது, மங்குக்கு உரம் போடுவது. சூடும் மங்கைக் கூட்டும் என்பதால் அகச்சிவப்புக்குத் தனிப் பட்டன் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வெளியே போகும்போது அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். வெள்ளையாக இருக்கும் சாதா சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு. பிசியோதெரபி அறையில் முதுகு வலிக்கு வைக்கும் சிவப்பு பல்பை 'ரெட் லைட் தெரபி' என்று முகத்துக்கு வைக்காதீர்கள். அது ஒத்தட விளக்கு. அது தருவது சூடு. சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் வைத்துக் கொப்பளித்துப் போனவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். நாள்பட வைத்தால் தோலில் வலை பின்னினாற்போலக் கருந்தழும்பும் விழும்.

தோல் அடங்கிய பிறகு மறுபடி தொடங்க ஆசை என்றால் எங்கள் அறையில் செய்வது போலச் செய்யுங்கள். முகம் முழுக்கப் போடாமல் முதலில் தாடைக்குக் கீழே காதோரம் ஒரு சின்ன இடம், மூன்று நிமிடம். மற்ற இடத்தைக் கருப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள். மறுநாள் புறங்கையால் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், சூடு வித்தியாசம் இருக்கிறதா என்று. இல்லை என்றால் முழு முகம் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு. பிறகு எட்டு, பிறகு பத்து. இருபதுக்குப் போகவே வேண்டாம். இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு, ஓர் அளவு வரை கூட்டினால் பலன் கூடும், அதைத் தாண்டினால் பலன் குறையும். அதிகம் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்பது இங்கே நடக்காது. வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்த முகம், மேலே ஒன்றும் பூசாமல். முடிந்ததும் மாய்ஸ்சரைசர். ரெட்டினாய்டு இருந்தால் அது வேறு ராத்திரிக்கு.

கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், இமை வழியாகச் சிவப்பு உள்ளே போகும். நியூட்ரோஜீனாவின் பரு மாஸ்க்கை 2019-ல் அந்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது, சில கண் நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்குக் கூச்சத்தை உண்டாக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற கவலையால். விழித்திரைப் பிரச்சினை உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பலன் இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பருவுக்கும் மெல்லிய சுருக்கத்துக்கும் ஓரளவு உண்டு. ஜெர்மனியில் 136 பேரை வைத்து 2014-ல் வந்த ஆய்வில் தோலின் வழவழப்பும் அதற்கு உறுதி தரும் கொலாஜனும் கூடியிருந்தன, ஆனால் ஒப்பிட்ட குழுவுக்குப் போலி விளக்கு வைக்காததால் அதை முழுசாக நம்ப எனக்குத் தயக்கம். மங்கை அழிக்கும் என்று விற்றிருந்தால், அதற்காக இதைப் போடாதீர்கள். மங்குக்கு உங்களுக்கு வேண்டியது நிழலும் அந்த நிறச் சன்ஸ்கிரீனும் மருத்துவர் எழுதும் மருந்தும்.

செம்பூரிலிருந்து சயான் மாநகராட்சி மருத்துவமனை பக்கம்தான், பரேலில் கேஇஎம் மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் (வெளிநோயாளிச் சீட்டு) எடுத்துவிடுங்கள். அன்று முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள், பவுடர்கூட வேண்டாம். மாஸ்க், டியூப், சாப்பிடும் மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். டியூப் காலியாகியிருந்தாலும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.